இங்கிலாந்தில் வீடு விற்போருக்கு: சொலிசிட்டர் அலுவலகத் தாமதங்களைக் கையாளும் வழிமுறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுக்கு விலை பேசி முடித்து, வீட்டுத் தரகரான எஸ்டேட் ஏஜென்ட் வாசலில் பலகையை மாற்றிய பிறகும் சட்டப்படி எதுவும் முடிந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலமோ வீடோ விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையொப்பமிட்டிருந்தால்தான் அது செல்லும். கையொப்பமிட்ட அந்த ஒப்பந்தங்களை இரு பக்கத்துச் சொலிசிட்டர்களும் (சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர்கள்) பரிமாறிக்கொள்வதை எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். அதுவரை வாங்குபவர் உங்களுக்கு எந்த இழப்பீடும் தராமல் விலகிக்கொள்ளலாம். விலையைக் குறைத்தும் கேட்கலாம். ஊரில் முற்பணம் வாங்கி, நாள் குறித்து, பத்திரம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த நீண்ட இடைவெளி புரியாமல் இருப்பதும் பயத்தைத் தருவதும் இயல்புதான்.

விலை பேசியதிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை மூன்று நான்கு மாதங்கள் ஆவது இங்கே வழக்கமாகிவிட்டது. அவ்வளவு காலத்துக்கும் யாரோ உட்கார்ந்து உங்கள் கோப்பில் வேலை செய்துகொண்டிருப்பதில்லை. உண்மையான வேலை சில நாள்களுக்குரியதே. மீதிக் காலம் முழுவதும் ஏதோ ஒரு காகிதம் யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்க, மற்ற எல்லாரும் காத்திருப்பதாகக் கழிகிறது. ஆகவே விற்பவர் செய்ய வேண்டியவை இரண்டு: தன் பக்கத்துக் காகிதங்களை வாங்குபவர் வருமுன்பே முடித்து வைப்பது, அதன்பின் எந்தக் காகிதம், யாரிடம், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்பதை எப்போதும் தெரிந்து வைத்திருப்பது. கீழே வருபவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறை வேறு.

வீட்டை விளம்பரப்படுத்தும் முன்

முதலில் அரசின் நிலப் பதிவகமான எச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையதளத்தில் உங்கள் வீட்டுப் பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் வாங்கிப் படியுங்கள். 2024 டிசம்பர் முதல் ஒவ்வொன்றுக்கும் 7 பவுண்டு கட்டணம். உங்கள் சொலிசிட்டரும் பின்னர் இதை எடுப்பார். ஆனால் முன்கூட்டியே நீங்கள் பார்ப்பதில் பெரும் பயன் உண்டு. எப்போதோ கட்டி முடித்த பழைய வங்கிக் கடன் பதிவேட்டில் நீக்கப்படாமல் இருக்கலாம். இறந்துபோன துணைவரின் பெயர் அப்படியே இருக்கலாம். தனி ஒருவர் விற்க முடியாதபடி ஒரு கட்டுப்பாட்டுக் குறிப்பு இருக்கலாம். இவற்றில் எதுவானாலும் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். வாங்குபவரை வைத்துக்கொண்டு அந்த வாரங்களைக் கழிப்பதைவிட, வாங்குபவர் வருமுன் கழிப்பது எவ்வளவோ மேல். பதிவேட்டில் வீடே இல்லையென்றால் இன்னும் கவனம் தேவை. நாடு முழுவதும் விற்பனையின்போது பதிவு கட்டாயமானது 1990 டிசம்பரில்தான் என்பதால், அதற்கு முன் வாங்கி ஒரே குடும்பத்திடம் இருந்துவரும் வீடுகளில் சில இன்னும் பழைய பத்திரங்களின் பலத்திலேயே நிற்கின்றன. அந்தப் பத்திரங்கள் யாரிடம் இருக்கின்றன என்பதை உடனே தேடத் தொடங்குங்கள்.

பதிவேட்டில் உள்ள பெயரைத் தமிழர்கள் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். நம்மவர்களிடம் திரும்பத் திரும்ப ஏற்படும் தாமதம் இங்கேதான் தொடங்குகிறது. இலங்கைக் கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னால் இருக்கும். பிரித்தானியக் குடியுரிமை பெற்றபோது அதுவே குடும்பப் பெயராகப் பின்னால் போயிருக்கும். வீடு வாங்கியபோது முதலெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். மனைவியின் பெயருக்குப் பின்னால் கணவரின் பெயர் ஒரு காகிதத்தில் இருக்கும், இன்னொன்றில் இராது. நமக்கு இவை எல்லாம் ஒரே ஆளின் பெயர் என்பது தெளிவு. பணமோசடித் தடுப்பு விதிகளின்படி அடையாளம் சரிபார்க்க வேண்டிய சொலிசிட்டருக்கோ, பதிவேட்டில் இருப்பவரும் கையொப்பமிடுபவரும் ஒருவரே என்பதற்கு ஆவணம் வேண்டும். திருமணச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ், பெயர் மாற்றப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு என எந்தச் சங்கிலி உங்கள் இரு பெயர்களையும் இணைக்கிறதோ அதைத் தேடி எடுத்து, தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பும் செய்து வையுங்கள். இணைக்கும் ஆவணமே இல்லையென்றால் சத்தியப் பிரகடனம் போதுமா என்று சொலிசிட்டரிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். கையொப்பமிடும் கட்டத்தில் இது கிளம்பினால் மொத்த விற்பனையும் அங்கேயே நின்றுவிடும்.

பெயரில் உள்ள உரிமையாளர்கள் எல்லாரும் கையொப்பமிட வேண்டும் என்பதையும் முன்பே யோசியுங்கள். தம்பியோ மாமாவோ கடனுக்காகப் பெயர் சேர்த்துக்கொண்டு இப்போது கனடாவிலோ கொழும்பிலோ இருந்தால், அவருடைய அடையாளச் சான்றுகளை அங்குள்ள நொத்தாரிசு ஒருவர் உறுதிப்படுத்தவும், கையொப்பமிட்ட மூலப்பிரதி தபாலில் வரவும் காலம் வேண்டும். உரிமையாளர் காலமாகி, உயிலின் நிறைவேற்றாளர் விற்பதாக இருந்தால், அவருக்கு அந்த அதிகாரத்தை உறுதிப்படுத்தும் புரோபேட் உத்தரவு கைக்கு வரும்வரை விற்பனையை முடிக்க முடியாது. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது வீட்டில் செய்த வேலைகளுக்கான சான்றிதழ்கள். 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய சன்னல்களுக்கு, சன்னல் பொருத்தும் நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஃபென்சா போன்ற அமைப்பின் சான்றிதழோ உள்ளூராட்சியான கவுன்சிலின் சான்றிதழோ கேட்பார்கள். 2005க்குப் பிந்திய முக்கியமான மின்வேலைகளுக்கும் புதிய பாய்லருக்கும் அவ்வாறே. தொலைந்திருந்தால் ஃபென்சாவிடமும், எரிவாயு வேலை செய்வோரைப் பதிவு செய்யும் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரிடமும் சிறு கட்டணத்தில் நகல் வாங்கலாம். வீட்டின் எரிசக்தித் திறனைக் காட்டும் எரிசக்திச் சான்றிதழுக்கு (இ.பி.சி.) 10 ஆண்டு ஆயுள். உங்களுடையது காலாவதியாகிவிட்டதா என்பதை அரசின் இணையப் பதிவில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் நம் குடும்பங்கள் பெருகும்போது வீடும் பெருகுகிறது. பின்பக்கம் நீட்டிக் கட்டுகிறோம், மாடியறை எடுக்கிறோம், கராஜை அறையாக்குகிறோம். இவற்றுக்குத் திட்ட அனுமதி வேறு, கட்டிட ஒழுங்குமுறை நிறைவுச் சான்றிதழ் வேறு. முதலாவது இருக்கிறது என்பதால் இரண்டாவதும் இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. நிறைவுச் சான்றிதழ் இல்லையென்றால், உடனே கவுன்சிலைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கத்தான் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சான்றிதழ் இல்லாத குறையை ஈடுசெய்ய இங்கே இண்டெம்னிட்டி காப்பீடு எடுப்பது வழக்கம். ஆனால் அந்த வேலையைப் பற்றிக் கவுன்சிலிடம் பேசிவிட்டால், அந்தக் காப்பீட்டைத் தர நிறுவனங்கள் பெரும்பாலும் மறுத்துவிடும். முதலில் சொலிசிட்டரிடம் கேளுங்கள். காப்பீடா, கவுன்சிலிடம் பின்னோக்கிய அங்கீகாரமா என்பதை அவருடன் சேர்ந்து முடிவு செய்த பிறகே எவரையும் அழைக்கலாம்.

சொலிசிட்டரைத் தெரிவு செய்தல்

வீட்டை விளம்பரப்படுத்தும் அதே நாளில் சொலிசிட்டரையும் அமர்த்திவிடுங்கள். வாங்குபவர் கிடைத்த பின்பு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அடையாளச் சோதனை, ஒப்புதல் கடிதம், படிவங்கள் என்று தொடக்கத்திலேயே இரண்டு மூன்று வாரங்கள் போய்விடும். வீட்டுப் பரிமாற்ற வேலையைச் சொலிசிட்டரும் செய்யலாம்; லைசென்ஸ்ட் கன்வேயன்சர் என்ற உரிமம் பெற்றவரும் செய்யலாம். எஸ்டேட் ஏஜென்ட் ஒரு நிறுவனத்தைப் பரிந்துரைத்தால், அதற்கு அவர் தரகுப் பணம் பெறுகிறாரா என்று கேளுங்கள். பெறுவது தவறில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டுப் பரிமாற்றத்துக்கான கட்டணத்தையும், வேலையின் கட்டங்களையும், வழக்கமாக ஆகும் காலத்தையும் வெளியிட வேண்டும் என்பது 2018 டிசம்பரிலிருந்து விதி.

கட்டணத்தைவிட நான் முக்கியமாகக் கருதும் கேள்விகள் வேறு. என் கோப்பை யார் கையில் வைத்திருப்பார், அவருடைய நேரடி மின்னஞ்சல் என்ன, அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார், நான் எழுதினால் எத்தனை வேலை நாள்களுக்குள் பதில் வரும்? இந்த நான்குக்கும் தெளிவாகப் பதில் தருகிற நிறுவனம் ஐம்பது நூறு பவுண்டு கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். நமக்குத் தெரிந்தவர், தமிழ் பேசுபவர் என்பது பெரிய ஆறுதல்தான்; முதியவர்களுக்கு அது அவசியமும்கூட. ஆயினும் தெரிந்தவர் என்பதற்காக இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடக் கூடாது. பின்னர் தாமதமாகும்போது உறவைக் கெடுக்காமல் கடிந்து எழுதுவது இன்னும் கடினம்.

படிவங்கள்

சொலிசிட்டர் உங்களுக்கு அனுப்பும் படிவங்களில் பெரியது டி.ஏ.6 என்ற சொத்து விவரப் படிவம். எல்லை வேலி யாருடையது, அயலவருடன் தகராறு உண்டா, என்னென்ன கட்டிட வேலைகள் செய்யப்பட்டன, வெள்ளம் வந்ததா, ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடி உண்டா என்றெல்லாம் அது கேட்கும். டி.ஏ.10 படிவத்தில் எந்தப் பொருள்களை விட்டுச் செல்கிறீர்கள், எவற்றை எடுத்துச் செல்கிறீர்கள் என்று குறிக்க வேண்டும். இவற்றை ஒரே மாலையில் அவசரமாக நிரப்பிவிடாதீர்கள். தவறான பதில் தந்தால் வீடு கைமாறிய பின்பும் வாங்கியவர் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். காலியாக விட்ட பதிலோ பின்னர் கேள்வியாகத் திரும்பி வரும். ‘சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினால் உண்மையில் இணையுங்கள். சான்றிதழ் இல்லையென்றால் ‘இல்லை, 2011இல் முந்தைய உரிமையாளர் செய்த வேலை’ என்பதுபோலத் தெரிந்ததை முழுவதும் எழுதுங்கள். வீட்டுக் கடனின் கணக்கு எண்ணையும், இரண்டாவது கடன் ஏதும் இருந்தால் அதன் விவரத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

லீஸ்ஹோல்ட் வீடாக இருந்தால்

அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட், அதாவது நில உரிமையாளரிடமிருந்து நீண்ட காலக் குத்தகையில் பெற்றவை. அவற்றில் தாமதத்தின் பெரிய ஊற்று நிர்வாக நிறுவனம். பராமரிப்புக் கட்டணம், நிலுவை, காப்பீடு, வரப்போகும் பெரிய பழுதுபார்ப்புகள் ஆகியவற்றை விளக்கும் எல்.பி.இ.1 என்ற தகவல் தொகுப்பை அந்த நிறுவனமோ நில உரிமையாளரோதான் தர முடியும். சில நூறு பவுண்டு கட்டணம் வாங்கிக்கொண்டும் வாரக்கணக்கில் தாமதிக்கும் நிறுவனங்கள் உண்டு. வாங்குபவர் உறுதியானவுடனேயே பணத்தைக் கட்டி இதைக் கேட்கச் சொல்லுங்கள். பராமரிப்புக் கட்டண நிலுவை இருந்தால் அதை முன்பே தீர்த்துவிடுங்கள். நிலுவை இருக்கும்போது தகவல் தொகுப்பு இன்னும் மெதுவாக வரும்.

இங்கிலாந்தில் குறைந்தது 11 மீட்டர் உயரமோ குறைந்தது ஐந்து தளங்களோ உள்ள கட்டிடம் என்றால் 2022ஆம் ஆண்டுக் கட்டிடப் பாதுகாப்புச் சட்டத்தின் காகிதங்களும் சேர்ந்துகொள்ளும். லீஸ்ஹோல்டர் தன் பங்குக்கு ஓர் உறுதிப் பத்திரம் தர வேண்டும்; நில உரிமையாளர் ஒரு சான்றிதழ் தர வேண்டும். விற்பனை பற்றி அறிவித்த நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் நில உரிமையாளர் அதைத் தர வேண்டும் என்று விதி உள்ளதால், அறிவித்த தேதியைக் குறித்து வைத்து, நான்காவது வார முடிவில் எழுத்தில் நினைவூட்டுங்கள். வெளிச்சுவர்த் தீப்பாதுகாப்புக்கான இ.டபிள்யூ.எஸ்.1 படிவத்தை வாங்குபவரின் வங்கி கேட்கக்கூடும். அது உங்கள் கட்டிடத்துக்கு எடுக்கப்பட்டுள்ளதா என்பதை விளம்பரத்துக்கு முன்பே நிர்வாகத்திடம் கேட்டு வையுங்கள்.

கேள்விகள் வரத் தொடங்கியபின்

உங்கள் சொலிசிட்டர் வரைவு ஒப்பந்தத்தை அனுப்பியவுடன் வாங்குபவரின் சொலிசிட்டர் கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்புவார். இருபது முப்பது கேள்விகள் வருவது சாதாரணம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். அதில் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: ‘பின்புற நீட்டிப்புக்கான கட்டிட ஒழுங்குமுறை நிறைவுச் சான்றிதழைத் தரவும்.’ இது அவர்களிடமிருந்து உங்கள் சொலிசிட்டருக்கு வந்து, இரண்டொரு நாள் கிடந்து, அவருடைய உதவியாளர் வழியாக உங்களுக்கு வரும். ‘தேடிப் பார்க்கிறேன்’ என்று நீங்கள் பதில் எழுதினால், அந்தக் கடிதம் கோப்பில் சேருமே தவிர வேலை ஓர் அடியும் நகராது. மாறாக, ‘சான்றிதழ் என்னிடம் இல்லை, வேலை 2011இல் நடந்தது, திட்ட அனுமதிக் கடிதம் இத்துடன், கவுன்சிலைத் தொடர்புகொள்ளவில்லை, இண்டெம்னிட்டி காப்பீட்டுச் செலவை ஏற்கத் தயார்’ என்று ஒரே மின்னஞ்சலில் எழுதினால், உங்கள் சொலிசிட்டர் அன்றே அதை மறுபக்கத்துக்கு அனுப்பிவிடலாம். பட்டியலின் எண்களை அப்படியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே பதிலெழுதி, எல்லா ஆவணங்களையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். உதிரி உதிரியாக ஐந்து மின்னஞ்சல்கள் அனுப்பினால் அவற்றைக் கோத்து எடுப்பதே அந்த அலுவலகத்தில் இன்னொரு வேலையாகிவிடும்.

அதேவேளை மறுபக்கத்திலும் வேலைகள் நடக்கின்றன. கவுன்சில், தண்ணீர்–கழிவுநீர், சுற்றுச்சூழல் தேடல் அறிக்கைகளை வாங்குபவரின் சொலிசிட்டர் எடுக்க வேண்டும். கவுன்சில் அறிக்கைக்கு ஆகும் காலம் இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். வாங்குபவர் அதற்கான பணத்தைக் கட்டினாரா என்பதே பல நேரங்களில் முதல் கேள்வி. கட்டாமல் வைத்திருந்தால் அவர் இன்னும் மனம் உறுதிப்படவில்லை என்று கொள்ளலாம். வாங்குபவரின் பணம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணையும் நீளக்கூடியது. சீட்டுப் பணம், ஊரில் காணி விற்ற பணம், உறவினர் தந்த அன்பளிப்பு எதுவானாலும் அவருடைய சொலிசிட்டர் ஆதாரம் கேட்பார். வாங்குபவரும் நம்மவராக இருந்தால் ஏஜென்ட் வழியாக இதை முன்பே நினைவூட்டுவது இருவருக்கும் நல்லது.

தாமதத்தைத் துரத்தும் முறை

‘எப்படிப் போகிறது?’ என்று கேட்டால் ‘போய்க்கொண்டிருக்கிறது’ என்றே பதில் வரும். ஆகவே மின்னஞ்சலில் நான்கு விஷயங்களை மட்டும் கேளுங்கள்: இன்று நிலுவையில் உள்ள காகிதங்கள் எவை, ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் கேட்கப்பட்டது, அடுத்த நினைவூட்டல் எப்போது போகும். பொருள் வரியில் வீட்டு முகவரியையும் கோப்பு எண்ணையும் போடுங்கள். பதில் வந்ததும் ஒரு தாளில் அட்டவணையாக எழுதிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில் கேட்பது போதும். நாள்தோறும் அழைத்தால் உங்கள் கோப்பைப் பார்க்க வேண்டிய நேரத்தையே அவர் உங்களுடன் பேசிக் கழிப்பார். சில நிறுவனங்கள் கூடுதல் அழைப்புகளுக்குக் கட்டணமும் சேர்க்கும்.

வாங்குபவரின் சொலிசிட்டரை நீங்கள் நேரடியாகத் தொடர்புகொள்வதில் பயனில்லை. அவர் உங்களுடன் பேச மாட்டார். இங்கேதான் எஸ்டேட் ஏஜென்ட் பயன்படுகிறார். விற்பனை முடிந்தால்தான் பெரும்பாலான ஏஜென்ட்களுக்குக் கூலி என்பதால் அவருக்கும் அவசரம் உண்டு. இரு சொலிசிட்டர்களையும் வாங்குபவரையும் அழைத்துப் பேச அவரால் முடியும். செயின் எனப்படும் தொடரில், வாங்குபவர் தன் வீட்டை விற்றுத்தான் உங்களுடையதை வாங்குகிறார் என்றால், கீழே உள்ள மற்ற ஏஜென்ட்களையும் அவர் விசாரிக்கலாம். உங்கள் அட்டவணையை ஏஜென்ட்டுக்கும் அனுப்புங்கள். உங்கள் சொலிசிட்டர் ‘நாங்கள் பதில் அனுப்பிவிட்டோம்’ என்றும், மறுபக்கம் ‘எங்களுக்கு வரவில்லை’ என்றும் சொல்வது அடிக்கடி நடப்பது. அந்த நேரத்தில் அனுப்பிய தேதியை ஏஜென்ட் கையில் வைத்திருந்தால் ஒரே தொலைபேசியில் அது தீரும்.

வாங்குபவரின் வங்கி தந்த கடன் ஒப்புதல் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் அது மூன்று முதல் ஆறு மாதம் வரைதான் செல்லும். அந்தத் தேதியைக் காட்டி எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு நாளை முன்மொழிந்தால், எல்லா அலுவலகங்களும் பின்னோக்கிக் கணக்கிட்டு வேலை செய்யத் தொடங்கும். நாள் குறிக்காத கோப்பு, நாள் குறித்த கோப்புகளுக்குக் கீழே போய்விடுகிறது. பணம் வந்து வீடு கைமாறும் நாளுக்கு, மாதக் கடைசியையும் வெள்ளிக்கிழமையையும் தவிர்த்து வார நடுவில் ஒரு நாளைக் கேளுங்கள்; எல்லாரும் வெள்ளியையே கேட்பதால் அன்று வங்கிப் பணமும் ஆளும் நெருக்கடியில் இருக்கும்.

ஒப்பந்தத்தையும் டி.ஆர்.1 என்ற உரிமை மாற்றுப் பத்திரத்தையும் அந்த நாளுக்கு வெகு முன்பே கையொப்பமிட்டுச் சொலிசிட்டரிடம் கொடுத்து வைக்கலாம். தேதி இடாமல் அவர் வைத்திருப்பார். டி.ஆர்.1இல் நீங்கள் கையொப்பமிடும்போது சாட்சி அருகிலேயே இருந்து பார்க்க வேண்டும். குடும்பத்தினரை விட்டுவிட்டு, அயலவரையோ அலுவலக நண்பரையோ சாட்சியாக்குங்கள். சாட்சி தன் பெயரையும் முகவரியையும் தெளிவாக எழுதாததால் பத்திரம் திரும்பி வருவது உண்டு. வீட்டுப் பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கு உரிமையாளர்களின் பெயரிலேயே இருக்கட்டும். அதன் விவரத்தை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாமல், உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் அழைத்தும் உறுதிசெய்யுங்கள்.

உங்கள் சொலிசிட்டரே காரணம் என்றால்

இரண்டு வாரமாக எந்த மின்னஞ்சலுக்கும் பதில் இல்லையென்றால், முதலில் அதே நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள். தொடக்கத்தில் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதத்தில் அவர் பெயரும் முறையீட்டு வழியும் இருக்கும். கோபத்தை விட்டு, தேதிகளை மட்டும் வரிசைப்படுத்தி, வேறொருவரிடம் கோப்பை மாற்றித் தரும்படி கேட்டால் பெரும்பாலும் அங்கேயே வழி பிறக்கும். நிறுவனத்தையே மாற்றுவது கடைசி வழி. புதியவர் எல்லாவற்றையும் மீண்டும் படிக்க வேண்டும். பழையவர் தன் கட்டணம் தீரும்வரை கோப்பைத் தராமல் வைத்துக்கொள்ளலாம்.

முறைப்படியான முறையீட்டைத் தீர்க்க நிறுவனத்துக்கு எட்டு வார அவகாசம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ லீகல் ஓம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் போகலாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள்ளும், தவறு நடந்தோ அது உங்களுக்குத் தெரியவந்தோ ஓராண்டுக்குள்ளும் போக வேண்டும். கட்டணத்தைக் குறைக்கவும் இழப்பீடு தரவும் உத்தரவிடும் அதிகாரம் ஓம்பட்ஸ்மனுக்கு இருக்கிறது. நீங்கள் வாரந்தோறும் எழுதி வைத்த அந்த அட்டவணையையும் மின்னஞ்சல்களையும் தேதி வாரியாக முறையீட்டுடன் இணைத்து அனுப்புங்கள்.